என் ஷிப்ட்டு, என் பொறுப்பு

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவனைப் பார்த்து எங்கள் ஊர்ப்பக்கத்து ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஏடிஎம்முல வேலை?" என்பதுதான். கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், சாவு வீட்டில் கேட்பார்கள், பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதும் கேட்பார்கள். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பட்டாளத்துக்காரன் என்றால் துப்பாக்கி, துப்பாக்கி என்றால் வாசல், வாசல் என்றால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

எங்கள் தெருவில் இருக்கும் மணவாளனிடமும் கேட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "ஏடிஎம் இல்ல நைனா. அந்த ஏடிஎம்முக்குப் பின்னால ஒரு ஒயர் போவுது பாரு, அது எங்க போய் முடியுதோ அங்க வேலை" என்பார். கேட்டவர் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, "அப்போ அங்க வாட்ச்மேனா?" என்பார். இப்படிப்பட்ட ஜனங்களுக்கு மத்தியில்தான் அந்த மனிதர் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்.

அவர் மனைவி சத்யாவும் நானும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். இங்கே எழுதுவதெல்லாம் சத்யாவும் அவரும், அவரோடு வேலை பார்க்கும் காயத்ரியும் சொல்லக் கேட்டது. கோபம் மட்டும் என்னுடையது.

மணவாளன் பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு இறால் பிடிக்கிற தொழில். பன்னிரண்டாவது முடித்ததும், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப் பார்த்தார், தேறிவிட்டார். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய காலுக்கு மைதானம் ஒரு பொருட்டா? சிக்னல் படைப்பிரிவில் போட்டார்கள். துப்பாக்கியைவிட அதிகமாக அவர் கையில் இருந்தது ஒயரும் ரேடியோவும்தான். லடாக்கில் பனிக்குள் கேபிள் இழுத்தார், நாகாலாந்து மழையில் கோபுரம் ஏறினார், ராஜஸ்தான் வெயிலில் உட்கார்ந்து தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழையை ஒட்டவைத்தார். ஜெனரலே ஆனாலும் போன் பேச வேண்டுமென்றால் இவர்கள் போட்ட ஒயர் வழியாகத்தான் பேசியாக வேண்டும்.

ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபோது தலையில் பாதி நரை. அதற்குள் சத்யா இரண்டு பிள்ளைகளையும் தனியாளாக வளர்த்து ஆளாக்கியிருந்தாள். "பேருக்குத்தான் மணவாளன். லீவுக்கு வந்துட்டுப் போற மணவாளன்" என்று இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்குகிற ஆலைகளுக்கு நடுவே, ஜன்னல்கூட இல்லாத ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் இருக்கிறது. புகை வராது, சங்கு ஊதாது, லாரி வந்து சரக்கு ஏற்றாது. மின்சாரம் மட்டும் ஒரு ஊருக்கு ஆகிற அளவு உள்ளே போகும். உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சந்தேகம். அது டேட்டா சென்டர். வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், அலமாரி நிறைய கம்ப்யூட்டர்கள், அவை சூடேறாமல் இருக்க நிற்காமல் ஓடும் ஏசி. பல கம்பெனிகள் தங்கள் கணக்கு வழக்கு, சரக்குப் பதிவு, டிக்கெட் விற்பனை எல்லாவற்றையும் அங்கே வாடகைக்குக் குடிவைத்திருக்கின்றன. மணவாளனுக்கு அங்கே பகல் ஷிப்ட்டை நடத்துகிற வேலை. ஷிப்ட் லீட் என்பார்கள். பரீட்சை எழுதி, நேர்காணல் முடித்து, முறையாகக் கிடைத்த வேலை. யாரும் பாவம் பார்த்துக் கொடுத்ததில்லை.

நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு மேஜர். அவரும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்தான். இப்போது அந்தக் கட்டடத்தின் நிர்வாகம் முழுக்க அவர் கையில். கம்பெனியில் எல்லாருக்கும் அவர் மேஜர் சார். மணவாளனின் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, "சிக்னல்ஸா? நம்ம ஆளு" என்று இந்தியில் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு மணவாளன் ஆகாயத்தில் பறந்தார். வீட்டுக்கு வந்து சத்யாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம். எனக்கு அப்போதே சிரிப்புத்தான் வந்தது. ஒரே பட்டாளம்தான், ஒரே கொடிதான். ஆனால் ஆபீசராக வெளியே வந்தால் கண்ணாடி அறை, சிப்பாயாக வெளியே வந்தால் வாசல். இதில் நம்ம ஆளு எங்கே வந்தது?

வாசலில் இருந்தவரும் பட்டாளத்துக்காரர்தான். பேர் சுப்பிரமணி, பொதட்டூர்பேட்டைக்காரர், சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்து வரிசையில் ஹவில்தாருக்கு மேலே சுபேதார். கம்பெனி வரிசையில் செக்யூரிட்டிக்கு மேலே எல்லாரும். மணவாளன் தினமும் காலையில் கேட்டில் நின்று, "ராம் ராம் சாப்" என்று சுப்பிரமணிக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். ஷிப்ட் லீட் செக்யூரிட்டிக்கு சல்யூட் வைக்கிற அதிசயத்தைச் சின்னவர்கள் போனில் படம் பிடித்தார்கள். எச்ஆரில் இருக்கும் சுகிர்தா மேடம் கூப்பிட்டு, "இதெல்லாம் இங்க வேண்டாமே சார், பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றார். "பாக்காம போவச் சொல்லுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் மணவாளன்.

சம்பவம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். அன்றைக்கு மத்தியானம் ஒரு பெரிய வாடிக்கையாளர் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. இரண்டாவது கூடத்தில் பழைய பெட்டி ஒன்று, பயன்பாட்டில் இல்லாதது, ஒயரெல்லாம் தொங்கிக்கொண்டு அசிங்கமாக நின்றது. மேஜர் போன் பண்ணினார். கையில் ஸ்குரூ டிரைவர் இருந்ததால் மணவாளன் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அவங்க வர்றதுக்குள்ள அந்தப் பெட்டியை எடுத்துடுங்க மணவாளன்."

"சார், அனுமதிச் சீட்டு இன்னும் வரல."

"பேப்பர் அப்புறம் வரும். நான் சொல்றேன், எடுங்க."

"எஸ் சார்."

அந்தக் கட்டடத்தில் ஒரு ஒயரைத் தொட வேண்டுமென்றாலும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், ஒயருக்குச் சொந்தமான கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். மணவாளனுக்கு இது தெரியாததல்ல. ஐடியிலேயே வளர்ந்தவனாக இருந்தால், "ஒரு மெயில் போட்டுடுங்க சார், செஞ்சுடறேன்" என்று நழுவியிருப்பான். இவர் வாலிபம் முழுக்க வாய்ச்சொல்லுக்கு ஓடியவர். மலைமேல் நின்றுகொண்டு ஆபீசர் லைன் போடு என்றால், எழுதிக் கொடு என்று எந்த ஹவில்தாரும் கேட்பதில்லை. ஆபீசர் சொன்னால் சொன்னதுதான். நாளைக்கு ஏதாவது ஆனால், நான்தான் சொன்னேன் என்று அவரே வந்து நிற்பார். அப்படி நம்பினார் இவர். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினார்.

பெட்டியைக் கழற்றியவள் காயத்ரி. கவரைப்பேட்டைப் பெண், டிப்ளமோ படித்தவள், வீட்டில் கைக்குழந்தை. கம்பெனியின் நேரடி ஆள் இல்லை. ஏஜென்சி மூலம் காண்ட்ராக்டில் வந்தவள். கடைசி ஒயரை உருவுவதற்கு முன்னால், "டெட்டுன்னு லேபிள் போட்டிருக்குதுண்ணா, உருவட்டா?" என்று கேட்டாள். மணவாளன் லேபிளைப் பார்த்துவிட்டு, "உருவு" என்றார். லேபிள் பழையது. எவனோ எப்போதோ அந்த ஒயரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டு லேபிளை மாற்றாமல் போயிருக்கிறான். அவள் உருவியதும் ஒரு பார்சல் கம்பெனியின் பதிவு மாநிலம் முழுக்க நின்றுபோனது. திரும்பச் சொருகி எல்லாம் பழைய நிலைக்கு வருவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. சுற்றிப் பார்க்க வந்த பெரிய வாடிக்கையாளர் இந்தக் கூத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். நீள மேஜை, நடுவில் மேஜர். காயத்ரி கடைசி நாற்காலியில் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்சல் கம்பெனியிலிருந்து வந்தவர், "இது யார் வேலை?" என்று கேட்டார்.

மணவாளன் எழுந்து நின்றார். "என் ஷிப்ட்டு சார். பொறுப்பு என்னுது."

இங்கே பட்டாளத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த மனிதரை நீங்கள் ஏமாளி என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு பிரிவில் தப்பு நடந்தால் அந்தப் பிரிவுத் தலைவன் முதலில் எழுந்து பொறுப்பு என்னுடையது என்பான். உடனே அவனுக்கு மேலே இருப்பவர் எழுந்து, இவன் என் ஆள், பொறுப்பு என்னுடையது என்பார். அப்படியே படிப்படியாக மேலே போகும். மேலே இருப்பவர் அதை வாங்கிக்கொண்ட பிறகு, அவரவர் ஆளை அவரவர் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். எல்லா ஆபீசரும் இப்படி நடந்தார்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. மணவாளன் பார்த்தவர்கள் நடந்தார்கள். அதனால்தான் அதைச் சொல்லிவிட்டு, மேஜர் எழுந்திருப்பார் என்று நின்றார்.

மேஜர் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார், குடித்தார், மூடினார். பிறகு பார்சல் கம்பெனிக்காரரைப் பார்த்து, "அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், வேண்டிய நடவடிக்கை எடுப்போம்" என்று இங்கிலீஷில் சொன்னார். மணவாளன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். உட்காரச் சொல்லக்கூட அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"அசிங்கமாப் போச்சு. என்னை நெனச்சு இல்ல, அவர நெனச்சு" என்று பிற்பாடு சத்யாவிடம் சொல்லியிருக்கிறார். எனக்கென்னவோ இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை சுகிர்தா மேடம் கூப்பிட்டார். கெட்ட செய்திக்குச் சர்க்கரை தூவிக் கொடுக்கத் தெரிந்தவர். வேலையை விட்டு எடுக்கவில்லையாம், சம்பளமும் குறையாதாம், ஆனால் உள்ளே வேண்டாமாம். கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் இடம் காலியாக இருக்கிறதாம். "உங்க பேக்ரவுண்டுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும் சார்" என்று சொல்லி, மேஜைமேல் ஒரு பையை நகர்த்தினார். பிரித்தால் நீலச் சட்டை, தோளில் பட்டை, மார்பில் தொங்கவிட விசில் கயிறு.

"இந்தச் சட்டைக்கு நான் தெனமும் சல்யூட் வெக்கறவன் மேடம்" என்றார் மணவாளன். "இதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா நான் பரீட்சை எழுதி வந்தது இதுக்கு இல்ல. நான் தப்பு பண்ணியிருந்தா இன்னா தப்புன்னு எழுதுங்க, எழுதி வெளிய அனுப்புங்க. பட்டாளத்தான்னா வாசல்தான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க."

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"அப்படித்தான் மேடம்."

"அப்ப நீங்களே ரிசைன் பண்ணிட்டா உங்களுக்கும் கௌரவமா இருக்கும்."

"நானா போவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பையைத் தொடாமல் எழுந்து வந்தார்.

திங்கட்கிழமை காலை கேட்டில் கார்டை வைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. சுப்பிரமணி தலையைக் குனிந்துகொண்டார். "தப்பா நெனக்காத மணவாளா. உன்ன உள்ள உட்டா என் வேலை போயிடும்."

"நீங்க உங்க டூட்டியப் பாருங்க சாப். நான் என் டூட்டியப் பாக்கறேன்."

கேட்டுக்கு வெளியே, பார்வையாளர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கழுத்தில் அடையாள அட்டை, தேய்த்த சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. ஷிப்ட் முடிகிற வரை இருந்துவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். கார் கண்ணாடியை இறக்கி, நீங்கள் யார் என்று யாராவது கேட்டால், "இந்த பில்டிங்கோட பகல் ஷிப்ட் லீட் சார். உள்ள உட மாட்டேங்கறாங்க" என்று மரியாதையாகப் பதில் சொன்னார். வாடிக்கையாளர்கள் மேலே போய் விசாரித்தார்கள். சுகிர்தா மேடத்துக்குப் பேஜாராகிவிட்டது.

அவரை வேலையை விட்டே நீக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். நீக்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால், அனுமதிச் சீட்டு இல்லாமல் பெட்டியை எடுக்கச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். அதுதான் அவர்கள் தொண்டையில் சிக்கிய முள்.

வீட்டில் வேறு சண்டை. சத்யா பொறுத்துப் பார்த்து, ஒருநாள் சாயங்காலம் பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, வயசுல பனிமலைல போய் நின்ன, நான் கேக்கல. ஊட்டுக்குப் பக்கத்துல வேலைன்னு வந்துட்டு இங்கயும் கேட்டுக்கு வெளிய நின்னுக்கினு கீற. அந்தப் பொண்ணு கைதான் உருவுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போயேன். பொய்யொண்ணும் இல்லியே?"

"பொய் இல்ல. கை அவளுதுதான். உருவுன்னு சொன்ன வாய் என்னுது."

"உன்ன எடுக்கச் சொன்ன வாயி?"

"அதான் தொறக்க மாட்டேங்குது."

சத்யா எழுந்து உள்ளே போனாள். மறுநாள் காலை டிபன் கேரியரைக் கட்டிக் கையில் கொடுத்து, "நிக்கறதுன்னு ஆயிடுச்சு, பசியோட நிக்காத" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்துக்கும் போய் வந்தாள். இன்னா வேண்டிக்கினே என்று கேட்டேன். "மேஜர் வாயத் தொறக்கணும்னு வேண்டிக்கினேன் அக்கா" என்றாள். பவானி அம்மனுக்கு எத்தனையோ வேலை, இது வேறு.

காயத்ரிக்கு மணவாளன் ஏற்கெனவே கட்டளை போட்டிருந்தார். "நீ காண்ட்ராக்ட்ல கீற. உன்ன ஒரே நாள்ல தூக்கிடுவாங்க. யார் கேட்டாலும் மணவாளன் சொன்னாரு செஞ்சேன்னு சொல்லு, அதோட வாய மூடிக்கோ." அவள் தலையாட்டினாள். ஆனால் தினமும் உள்ளே போகும்போது பெஞ்சில் இருக்கும் அவரைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாள். வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதுகூட அந்த பெஞ்சுதான் கண்ணில் நின்றது என்று என்னிடம் சொன்னாள்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து மணவாளன் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது மேஜரின் கார் வந்து நின்றது. மேஜர் இறங்கி வந்து அவரும் ஒரு டீ சொன்னார். சிப்பாயோடு சமமாக நின்று டீ குடிப்பது ஆபீசர்களுக்குக் கைவந்த வித்தை.

"பிடிவாதம் பிடிக்காத மணவாளன். கேட்டுல கொஞ்ச நாள் இரு. விஷயம் ஆறட்டும். அப்புறம் நானே உன்னை உள்ள கூப்பிட்டுக்கறேன்."

"சார், போன்ல நீங்க சொன்னது ஞாபகம் இருக்குதா?"

மேஜர் ரோட்டைப் பார்த்தார். "எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்கப்பா. இது ரெஜிமெண்ட் இல்ல. அங்க மாதிரி இங்க நடக்க முடியாது."

"நான் நடந்தேன் சார்."

"போதும்" என்றார் மேஜர். குரல் மாறிவிட்டது. "நாளைக்குக் காலையில யூனிபார்ம் போட்டுக்கிட்டு கேட்டுக்குப் போற. இது ஆர்டர், ஹவில்தார்."

மணவாளன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஆர்டர்னா எழுதிக் குடுங்க சார்."

ஓர் ஆபீசரிடம் அப்படி ஒரு வார்த்தையை அவர் தன் ஆயுளில் சொன்னதில்லை. சொல்லிவிட்டு ரயிலேறி வந்தார். வழியெல்லாம் பயம் இல்லை, துக்கம்தான் என்று அவரே சொன்னார். இத்தனை வருஷமும் யாரை நம்பித் தலையைக் கொடுத்தோமோ அந்த ஆபீசர் ஜாதி முழுக்க ஒரு நிமிஷத்தில் கையை விட்டுப் போனமாதிரி இருந்ததாம்.

எழுதிக் கொடுக்க மேஜருக்குத் துணிச்சல் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பற்றி மும்பை தலைமை அலுவலகம்வரை பேச்சுப் போனதும், வேறு வழியில்லாமல் முறையான விசாரணை வைத்தார்கள். விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வக்கீலை அழைத்தார்கள். வயதானவர், பொறுமையாகக் கேட்கிறவர். அதே நீள மேஜை.

மணவாளன் நடந்ததை நடந்தபடி சொன்னார். எடுக்கச் சொல்லிப் போன் வந்தது, எடுத்தேன். வக்கீல் மேஜரைக் கேட்டார். "அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை" என்றார் மேஜர்.

"சாட்சி யாராவது உண்டா?" என்று மணவாளனைக் கேட்டார் வக்கீல்.

"இல்ல சார்" என்றார் மணவாளன்.

காயத்ரியை ஒயரை உருவியது பற்றி மட்டும் சொல்வதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள். தன் முறை வரும் முன்னாலேயே அவள் எழுந்துவிட்டாள். "நான் இருந்தேன் சார். ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு."

"காயத்ரி, உக்காரு" என்றார் மணவாளன். பரேட் மைதானத்துக் குரல் அது.

"உக்கார மாட்டேண்ணா" என்றாள் அவள். "பேப்பர் அப்புறம் வரும், நான் சொல்றேன் எடுங்கன்னு இந்த சார்தான் சொன்னாரு. அண்ணன் என்னை உருவச் சொன்னாரு. நான் உருவினேன். மூணு பேர் சேந்து பண்ணது சார். ரெண்டு பேர் ஏசியில கீறோம், ஒருத்தர் மட்டும் வெயில்ல கீறாரு."

வக்கீல் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு மணவாளனைப் பார்த்து, "முதல் கூட்டத்திலேயே நீங்க தப்பை ஒத்துக்கிட்டதாப் பதிவாகியிருக்கே?" என்றார்.

"பொறுப்பு என்னுதுன்னேன் சார். தப்பு யாருதுன்னு அன்னைக்கு யாருமே கேக்கல."

வக்கீல் மறுபடியும் மேஜர் பக்கம் திரும்பினார். மேஜர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மணவாளன் வீட்டுக்கு வந்து சத்யாவிடம் இதைச் சொன்னபோது, "அம்மன் ஆள மாத்தி வாயத் தொறந்துட்டாளே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

குற்றம் நிரூபணமாகவில்லை, பழைய பொறுப்பிலேயே தொடரலாம் என்று உத்தரவு வந்தது. மன்னிப்பு, வருத்தம் என்று ஒரு வரியும் அதில் இல்லை. மேஜரை மும்பைக்கு மாற்றினார்கள். அதைப் பதவி உயர்வு என்று கேக் வெட்டி அனுப்பினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். எங்கள் தெருவில் நாங்கள் நாலு பெண்கள் வாசலில் நின்று அந்த மேஜரைத் திட்டித் தீர்த்தோம். மணவாளன் மட்டும் திட்டவில்லை.

திரும்ப வேலைக்குப் போன நாளில் அவரும் காயத்ரியும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷனிலிருந்து வந்து இறங்கினார்கள். மணவாளன் கார்டை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. இரும்புத் தடுப்பு சுழன்று வழிவிட, உள்ளே போனார். பின்னாலேயே காயத்ரி கார்டை வைத்தாள். சிவப்பு. துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு.

சுப்பிரமணி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு சொன்னார். "பேர எடுத்துட்டாங்கம்மா. காண்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு போட்டிருக்குது."

காயத்ரிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நீங்க போங்கண்ணா. ஷிப்ட்டுக்கு நேரமாவுது. நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்றாள்.

மணவாளன் உள்ளே நின்று அவளைப் பார்த்தார். பிறகு கார்டை மறுபடி வைத்து, தடுப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

அந்தக் கட்டடத்தில் அடுத்த லீட் வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்ளாமல் முந்தைய ஷிப்ட் கிளம்ப முடியாது. அவர் பெஞ்சில் இருந்த நாட்களில் போட்டிருந்த மாற்று ஆளும் அன்றைக்கு இல்லை. உள்ளேயிருந்து போன் மேல் போன் வந்தது. மணவாளன் எடுத்து, "கேட்டுலதான் கீறேன். என் ஆள் ஒருத்தர் வெளிய கீறாங்க. வந்துடுவாங்க, வந்தப்புறம் வரேன்" என்று ஒரே பதிலைச் சொன்னார். வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் கிளம்ப முடியாமல் மேலே கத்த ஆரம்பித்தார்கள். கடைசியில் சுகிர்தா மேடம் இறங்கி வந்தார்.

"சார், உங்க பிரச்சினைதான் முடிஞ்சிடுச்சே. உள்ள வாங்க."

"இவ என் ஷிப்ட்டு மேடம்."

"அது ஏஜென்சி விஷயம். காண்ட்ராக்ட் முடிஞ்சா நாங்க என்ன பண்ண முடியும்?"

"உண்மை சொன்னதும் முடிஞ்சிடற காண்ட்ராக்ட்டா மேடம் அது?"

மேடத்துக்கு முகம் சிவந்தது. காயத்ரி மணவாளனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "வேணாம்ணா, வுட்டுடுங்க. இப்பதான் உள்ள வுட்டாங்க உங்கள" என்றாள். அவர் கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உருக்காலை லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. உள்ளே வர வேண்டிய கார்கள் அவர்கள் பின்னால் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. சுப்பிரமணி யாரையும் ஒதுங்கச் சொல்லவில்லை.

சுகிர்தா மேடம் தள்ளிப் போய் யார் யாரிடமோ பேசினார், திரும்பி வந்தார். "சரி சார். ஏஜென்சிகிட்ட சொல்லிட்டேன். சாயங்காலத்துக்குள்ள எல்லாம் சரியாயிடும். நான் வார்த்தை குடுக்கறேன், நீங்க இப்ப உள்ள போங்க. அவங்க நாளைக்கு வரட்டும்."

"வார்த்தை வேணாம் மேடம்" என்றார் மணவாளன். "அவ கார்டு வேலை செய்யட்டும்."

மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி போனை எடுத்தார். பேசி முடித்து, காயத்ரியைப் பார்த்து, "வெச்சுப் பாரும்மா" என்றார்.

காயத்ரி கார்டை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அவள் அப்படியே நின்று மணவாளனைப் பார்த்து, "நீங்க மொதல்ல போங்கண்ணா" என்றாள்.

"நீ போ" என்றார் அவர்.

அவள் தடுப்பைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து, கண்ணாடிக் கதவுக்குள் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். கதவு மூடியதும்தான் தன் கார்டை எடுத்தார்.